“எப்படிப் போட்டாய்?”: கணக்கில் தரமும் மதிப்பீடும்

(கணித ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் நாளில் ஓர் எண்ணைச் செய்தித்தாளில் தேடுகிறோம்: கணக்கில் எத்தனை பேர் சென்டம்? நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் உழைப்பு பெரிது. அந்த வீட்டின் மகிழ்ச்சி நியாயமானது. அதே செய்தித்தாளில் வேறொரு நாளில் வேறோர் எண்ணும் வருகிறது. 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வு, இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 45.8 விழுக்காடு என்று சொன்னது. ஐந்தாம் வகுப்பில் அது 30.7 விழுக்காடு. நான்காம் வகுப்பளவில் கைவர வேண்டிய கணக்கு அது.

முதல் எண் தமிழ்நாட்டின் மாநிலத் தேர்வுடையது. இரண்டாவது நாடு தழுவிய வீட்டுவாரி ஆய்வுடையது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டும் சேர்ந்து நம்மிடம் ஒன்றைக் கேட்கின்றன. வகுப்பு தாண்டி வகுப்பு ஏறிவரும் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது நமக்கு உண்மையிலேயே தெரியுமா?

தெரியாது என்பதே என் கட்சி. பிள்ளை ஒரு கணக்கை எப்படிப் போட்டது என்று கேட்காத மதிப்பீடு, அந்தப் பிள்ளையின் கற்றலை அளப்பதில்லை. தரநிலையை எவ்வளவு உயரத்தில் எழுதி வைத்தாலும், வினாத்தாள் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் தரமும் நிற்கும். இன்று நான் பேசவிருப்பது முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான்.

சரியான விடைக்குள் ஒளிந்திருக்கும் பிழை

1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் நாயகன் பென்னி என்று பெயரிடப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் படித்த பள்ளியில் கணிதத்துக்கு ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. பாடம் முழுவதையும் சிறு சிறு இலக்குகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு தேர்வு. நூற்றுக்கு எண்பது எடுத்தால் அடுத்த இலக்குக்குப் போகலாம். மாணவர் தானே படித்து, தானே எழுத, விடைக் குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்திவிடுவார்கள். பென்னி விறுவிறுவென்று முன்னேறினான். வகுப்பிலேயே கணக்கில் நல்ல மாணவர்களில் ஒருவன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார்.

எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசினார். பத்தில் இரண்டு பங்கை, அதாவது 2/10ஐ, தசமத்தில் எழுதச் சொன்னார். பென்னி 1.2 என்று எழுதினான். 5/10க்கு 1.5. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி வைப்பது அவன் கண்டுபிடித்த விதி. அதன்படி 4/11ம் 1.5தான், 11/4ம் 1.5தான். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அவன் கலங்கவில்லை. தன் விடை விடைக் குறிப்போடு பொருந்தாதபோது, ஒரே விடையைப் பல விதமாக எழுதலாம், குறிப்பில் இருப்பது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டான்.

பென்னி மந்தமான பிள்ளை இல்லை. விதிகளை உருவாக்கி, ஒழுங்கோடு பின்பற்றியவன். அந்தப் பள்ளியில் தரநிலை இருந்தது, இலக்கு இருந்தது, தேர்வு இருந்தது, தேர்ச்சி மதிப்பெண்ணும் இருந்தது. அவனிடம் “எப்படிப் போட்டாய்?” என்று கேட்க ஓர் ஆள் மட்டும் இல்லை.

பென்னி தொலைதூரத்துப் பிள்ளை என்று விட்டுவிட வேண்டாம். 58லிருந்து 37ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 21 என்று விடை வரும். சரி என்று குறியிட்டுவிடுவோம். அதே பிள்ளையிடம் 52லிருந்து 37ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று எழுதும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனையோ பேர். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது அவர்களுடைய விதி. முதல் கணக்கிலும் இதே விதிதான் வேலை செய்தது. அங்கே விடை சரியாக அமைந்துவிட்டதால் விதி தவறு என்பது நம் கண்ணில் படவில்லை. தசமத்திலும் இப்படித்தான். 0.75, 0.6 இரண்டில் எது பெரியது என்றால் 0.75 என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, 0.45, 0.6 இரண்டில் எது பெரியது என்றால் 0.45 என்கிறது. 45 ஆறைவிடப் பெரிதல்லவா என்பது அதன் நியாயம். ஆகவே எந்த எண்களை வைத்துக் கேட்கிறோம் என்பதில் ஆசிரியரின் புலமை முழுவதும் இருக்கிறது. தவறான வழியில் போனால் தவறான விடையே வரும்படி எண்களைத் தேர்வது, கேள்வி எழுதும் கலையின் முதல் பாடம்.

சந்தையில் தேர்ச்சி, பள்ளியில் தோல்வி

இதன் மறுபக்கம் இன்னும் கனமானது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற பிள்ளைகளை கராஹர், ஷ்லீமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1985இல் வெளியான ஆய்வுக்காகச் சந்தித்தார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு சிறுவனிடம் வாங்குபவர்போலக் கேட்டார்கள். அவன் மூன்று தேங்காய்க்கு 105 என்றான், இன்னும் மூன்று சேர்த்து 210 என்றான், இன்னும் மூன்று, பிறகு ஒன்று என்று கூட்டி 350இல் வந்து நின்றான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவில்லை. வியாபாரத்தின் நடுவே கேட்டபோது இந்தப் பிள்ளைகள் 98.2 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியாக வந்தவை 36.8 விழுக்காடு.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கதை அதேதான். காய்கறிக் கடையில் சிக்கலான கணக்குகளை மனத்திலேயே போட்டு மீதிச் சில்லறை கொடுக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடத்து வடிவில் அதைவிட எளிய கணக்கைக் கொடுத்தால் திணறினார்கள். அருகிலிருந்த பள்ளிகளின் பிள்ளைகளோ நேர்மாறாக இருந்தார்கள். தாளில் உள்ள எளிய கணக்கை அவர்கள் மேலாகவே போட்டார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் விடை கண்ட ஒரு கடைக்கணக்கைச் சரியாகச் செய்த பள்ளிப் பிள்ளைகள் 1 விழுக்காடுதான்.

இதில் யார் தேறியவர், யார் தோற்றவர்? சந்தைப் பிள்ளையின் அறிவைப் பார்க்க நம் வினாத்தாளுக்குக் கண் இல்லை. பள்ளிப் பிள்ளையின் அறிவில் உள்ள ஓட்டையைப் பார்க்கவும் கண் இல்லை. தாயோடு கடையில் நிற்கும் பிள்ளையை, தறிக்கு நூல் எண்ணும் வீட்டுப் பிள்ளையை, “இவனுக்குக் கணக்கு வராது” என்று எழுதித் தள்ளுகிறோமே, அது மதிப்பீட்டின் பிழை. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பது அந்தப் பிள்ளை.

தரநிலை யாருக்காக?

தரநிலைகளை வகுத்துத் தேர்வோடு பூட்டுவது நேற்று தொடங்கிய பழக்கம் இல்லை. 1862இல் இங்கிலாந்து ஒரு விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆறு படிநிலைகளை வகுத்து, ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். பிள்ளை தவறினால் பள்ளிக்கு வரும் மானியம் குறையும். இந்த முறையின் சாயலில் சென்னை மாகாணத்திலும் தேர்வு முடிவுக்கு ஏற்ப மானியம் தரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தது. பள்ளிகள் ஆய்வாளரின் ஒரு நாளுக்காகப் பிள்ளைகளை ஆண்டு முழுவதும் பழக்கின. கேட்கப்படுவது மட்டுமே கற்பிக்கப்பட்டது. இங்கிலாந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டது. பழக்கம் மட்டும் வேறு வேறு வேடங்களில் உயிரோடு இருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு பார்வையை நம் நாடே எழுதி வைத்திருக்கிறது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகக் கணிதக் கல்வி பற்றி ஒரு குழு அறிக்கை தந்தது. அதன் தலைவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம். கணக்குப் போடத் தெரிவது குறுகிய இலக்கு, குழந்தையின் சிந்தனையே கணித வழியில் நடக்கப் பழகுவது உயர்ந்த இலக்கு என்று அந்த அறிக்கை பிரித்துக் காட்டியது. கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளையும், கணிதத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைகளையும் ஒருசேர ஏமாற்றும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான மதிப்பீடு, ஆசிரியர்களுக்குப் போதாத பயிற்சி என்று நோயின் வேர்களையும் பெயர் சொல்லிக் காட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்துகொண்டே போகும் ஒல்லியான பாடத்திட்டத்தை விட்டு, அகலமான அடித்தளம் கொண்ட பாடத்திட்டத்துக்கு வரச் சொன்னது.

அந்தப் பார்வை நம் பாடநூல்களுக்குள் வராமலும் இல்லை. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ‘இவற்றை முயல்க’, ‘சிந்திக்க’, ‘செயல்பாடு’ என்று பெட்டி பெட்டியாக நல்ல கேள்விகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை ‘தகவல் செயலாக்கம்’ என்ற அருமையான இயலே உண்டு. ஆனால் வகுப்பில் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் பயிற்சிக் கணக்குக்கு ஓடுகிறோம். சிந்திக்கச் சொல்லும் பெட்டியிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வினாத்தாளின் உண்மையான பாடத்திட்டம்

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளைப் பார்ப்போம். எழுத வேண்டியவை: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. தேர்ச்சிக்கு 35. எட்டு மதிப்பெண் வினா இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். அந்த 16 மதிப்பெண்ணை “உறுதி மதிப்பெண்” என்று நாம் எல்லோரும் அறிவோம். மெல்லக் கற்போருக்கென்று தனிக் கையேடு போட்டு, அந்த வரைபடங்களையும் ஒரு மதிப்பெண் விடைகளையும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்துக் கரையேற்றுகிறோம். பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்ற ஆசிரியரின் தவிப்பில் பிறந்த ஏற்பாடு இது. அந்தத் தவிப்பை வணங்குகிறேன். ஆனால் தொடுகோடு வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத் தொடுகோடு ஏன் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால், அந்த எட்டு மதிப்பெண் எதை அளந்தது?

நம் தேர்வு எதை அளக்கவில்லை என்பது தெரியவந்த ஒரு நேரம் உண்டு. பிசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009 தேர்வின் தொடர்ச்சியாக நடந்த சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. பதினைந்து வயது மாணவர்களுக்கான தேர்வு அது. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி இருந்தது. அன்றாட வாழ்வுக்குப் போதும் என்று அவர்கள் வகுத்த அடிப்படை நிலையை எட்டிய நம் மாணவர் ஏறக்குறைய 15 விழுக்காடு. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று அப்போது சொல்லப்பட்டது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பழகிய கணக்கைப் பழகிய வடிவில் கேட்காதபோது என்ன செய்வது என்ற பயிற்சியே நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பதும் அதில் அடங்கியிருந்தது. அதன் பிறகு நாம் பிசாவில் கலந்துகொள்ளவில்லை. கலந்துகொள்ளாததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த முடிவு எழுப்பிய கேள்வியை நம் வினாத்தாளிடம் கேட்காமல் விட்டதைத்தான் குற்றம் என்கிறேன்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்?

“நீளம் 8 செ.மீ., அகலம் 4 செ.மீ., பரப்பளவு காண்க” என்றால் சூத்திரம் தெரிந்தால் போதும். “சுற்றளவு 24 செ.மீ. உள்ள மூன்று செவ்வகங்களை வரைக. எதற்குப் பரப்பளவு அதிகம்? ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஏதாவது ஒன்றைச் செய்யத் தொடங்கலாம். யார் எதுவரை போகிறார்கள் என்பது தாளிலேயே தெரியும். ஒரு பிள்ளை நீள அகலத்தை மாற்றி மாற்றிச் சதுரம் வரை போகும். இன்னொன்று சுற்றளவு ஒன்றானால் பரப்பளவும் ஒன்றுதான் என்று எழுதும். இரண்டும் ஆசிரியருக்குப் பொன்னான செய்தி.

“ஒரு மாணவர் (a+b)² என்பது a² + b² என்று எழுதினார். எண்களை இட்டுச் சோதித்து, அவர் சொல்வது எப்போதாவது சரியாகுமா என்று விளக்குக.” ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஒரு கேள்வி, பத்து முற்றொருமைக் கணக்குக்குச் சமம்.

கீழ் வகுப்புக்கு, 8 + 4 = □ + 5. கட்டத்துக்குள் 7 வர வேண்டும். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இதே கேள்வியைப் பெற்ற ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரும் 12 என்றோ 17 என்றோ எழுதினார்கள். சமக்குறி என்றால் “இதோ விடை வருகிறது” என்றே அவர்கள் கற்றிருந்தார்கள். இரு பக்கமும் ஒரே அளவு என்ற பொருள் மனத்தில் பதியாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் சமன்பாடு எப்படி விளங்கும்? இயற்கணிதம் கசக்கிறது என்று நாம் நினைக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே வேர் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிக் கேள்வி போதும்.

அளந்த பிறகு என்ன செய்கிறோம்?

தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நோக்கம் மிக நல்லது. நடைமுறையில் பல பள்ளிகளில் வளரறி மதிப்பீடு என்பது கடையில் வாங்கி ஒட்டிய சார்ட்டாகவும், நிரப்ப வேண்டிய பதிவேடாகவும் சுருங்கியது. 40 மதிப்பெண் என்று எண்ணாக மாற்றிய அந்த நொடியே அது பிள்ளை வளர்வதற்கான மதிப்பீடாக இல்லாமல் இன்னொரு சிறு பரீட்சையாகிவிட்டது.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பெருந்தொற்றில் விடுபட்ட கற்றலை ஈடுகட்ட, வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து கற்பிக்கச் சொன்னது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரித்தது. கருத்து மிகச் சரியானது. நிலை தெரிந்தால்தான் நாளைய பாடம் தெரியும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் செயலியில் ஏற்றுவதில் ஆசிரியரின் பொழுது கழிந்தால், அந்த விடையைப் பற்றிப் பிள்ளையோடு பேசப் பொழுது இருக்காது. காய்ச்சலை அளந்து ஏட்டில் எழுதிவிட்டு மருந்து தராமல் போகும் வைத்தியரால் யாருக்குப் பயன்?

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஆசிரியர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு விடையைப் பற்றிய குறிப்பு மட்டும். ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப்போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளையின் கண் குறிப்பிலிருந்து விலகிவிடுகிறது. வகுப்புத் தேர்வில் மாதம் ஒரு தாளுக்காவது மதிப்பெண் போடாமல், இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுக்கலாமே. பெற்றோர்கள் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். “எத்தனை மார்க்?” என்று கேட்கும் இடத்தில் “டீச்சர் என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்க வேண்டும்.

ஒரு நியாயமான அச்சம்

“யோசித்து எழுதும் கேள்வி வந்தால் முதலில் விழுவது ஏழைப் பிள்ளைதான், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்தான்” என்று சிலர் சொல்வார்கள். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். வினாத்தாளை ஒரே இரவில் மாற்றினால் அப்படித்தான் நடக்கும். எனவே மாற்றம் ஆறாம் வகுப்பின் வகுப்பறையில் தொடங்கி மேலே வர வேண்டும். பொதுத்தேர்வில் முதலில் பத்து மதிப்பெண்ணுக்கு மட்டும் வரட்டும். மாதிரி வினாக்கள் ஓராண்டுக்கு முன்பே எல்லாப் பள்ளிக்கும் போகட்டும். விடை தவறினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு என்று திருத்துவோருக்குத் தெளிவான குறிப்பு இருக்கட்டும். சந்தைப் பிள்ளைகளின் ஆய்வு சொல்வதையும் மறக்க வேண்டாம்: சூழலோடு கேட்கும் கேள்வியில் ஏழைப் பிள்ளையின் பலம் வெளிப்படவும் வாய்ப்பு உண்டு. இன்றைய மனப்பாடத் தேர்வில் அந்த வாய்ப்பு இல்லவே இல்லை.

நிறைவாக அரசிடமும் தேர்வுத் துறையிடமும் ஒரு கோரிக்கை. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்கள் பத்தாம் வகுப்புக் கணக்கை எழுதுகிறார்கள். முகாம்களில் ஆசிரியர்கள் இரவு பகலாகத் திருத்துகிறார்கள். எந்த வினாவில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எப்படித் தடுமாறினார்கள் என்பதெல்லாம் அந்த ஆசிரியர்களின் கண்முன் வந்துபோகிறது. முகாம் முடிந்ததும் அந்த அறிவு அப்படியே காணாமல் போகிறது. நமக்கு மிஞ்சுவது தேர்ச்சி விழுக்காடு ஒன்றுதான். ஐசிஎஸ்இ தேர்வை நடத்தும் மன்றம், வினா வாரியாக மாணவர்களின் பொதுவான பிழைகளையும் ஆசிரியர்களுக்கான ஆலோசனைகளையும் அறிக்கையாக வெளியிடுகிறது. அவர்களால் முடிவது நம்மாலும் முடியும். தேர்ச்சி விழுக்காட்டை வெளியிட்ட ஒரு மாதத்துக்குள், ஒவ்வொரு வினாவிலும் நம் பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்ற அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும் எட்டாம் வகுப்பு ஆசிரியரும் அதைப் படித்துத் தங்கள் பாடத்தைத் திருத்திக்கொள்ளட்டும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய நிதியும் பெரிதாக வேண்டாம். அடுத்த தேர்விலிருந்தே தொடங்கலாம். தொடங்க வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.